பானெட்டில் விழுந்த வலை

1

காரை விற்கப்போவதாகக் கீர்த்தி சொன்னபோது நான் சமையலறை சிங்கில் நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். கதவோரம் சாய்ந்து நின்று, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த வாரம் சனிக்கிழமை காலைல ஒருத்தர் பார்க்க வர்றாரும்மா. காரை."

"எந்தக் காரை?" என்றேன். கேட்டிருக்கவே வேண்டாம். எங்களிடம் இருப்பது அவள் அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் பிக்கப் வண்டியும் இந்தக் கருநீலக் காரும்தான்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்குத் தெற்கே கடலோரம். சொந்த ஊர் பழவேற்காடு பக்கம் கோட்டைக்குப்பம். என் கணவர் காட்டுப்பள்ளியில் கப்பல் வேலையில் வெல்டராக இருந்தார். அந்த வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. வரும்போது கீர்த்தி இரண்டாம் வகுப்பு. இப்போது நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். வடக்கே ஒரு சுரங்க ஊரின் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. காரில் போனால் இரண்டு நாள். வழியில் பெட்ரோல் போடும் இடங்களும் சிவப்பு மண்ணும்தான் என்கிறார்கள்.

"நான் ப்ளேன்ல போயிடறேன். அங்க போய் வேற கார் வாங்கிக்கறேன். இதோட பெயின்ட் செத்துப்போச்சும்மா. ஹாஸ்பிடல் வாசல்ல இதைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது."

பெயர் மாற்றுவதற்கான படிவம் அன்று சாயங்காலமே பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கியது. கார் அவள் அப்பா பெயரில் இருக்கிறது. சாப்பிட உட்காரும் முன்பு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்குக் கார் என்பது போய்வருகிற வண்டி. அவர்மேல் தப்பில்லை.

எனக்குத்தான் அன்று நண்டு இறங்கவில்லை.

2

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு தரம் கற்றுக்கொள்ளப் போனேன். சொல்லிக்கொடுத்த அம்மா நல்லவர். ஆனால் பக்கத்தில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கை கால் ஓடாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வராமல், பத்தாவது வரைக்கும் பக்கத்துப் பெண்தான் எனக்காகச் சொன்னாள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கீர்த்தி லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து, கல்லூரிக்குப் போகும் வழியில் என்னை அங்கே இறக்கிவிடுவாள். வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். சாப்பிட்டாயா என்றால் "யா". எப்படிப் போச்சு என்றால் "குட்". பிறகு அறைக்கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கதவைத் தட்டிப் பேச எனக்கும் வராது. ஒரே வீட்டில் கூச்சக்காரர்கள் இரண்டு பேர்.

ஆனால் கார் கிளம்பி, பெரிய சாலையில் ஏறியதும் அவளுக்குத் தமிழ் வந்துவிடும். கண் சாலையில் இருக்கும், வாய் தானாகப் பேசும். பயிற்சிக்குப் போன வார்டில் அவள் கையைப் பிடித்தபடியே ஒரு தாத்தா இறந்துபோனதை அங்கேதான் சொன்னாள். ஒரு பையனோடு பழகியதையும், பிறகு அது நின்றுபோனதையும் அங்கேதான் சொன்னாள். நானும் சாலையைப் பார்த்துக்கொண்டே "ம்" சொல்வேன். என் கல்யாணக் கதையைக்கூட அவளிடம் அந்த இருக்கையில்தான் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், நைனா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனார். நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. ஆழமில்லாத ஏரி. அவர் பின்னால் நின்று கழி ஊன்றினார். நான் முன்னால் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கழி சேற்றில் இறங்கும் சத்தம், எடுக்கும் சத்தம். ரொம்ப தூரம் போன பிறகு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"இன்னாம்மா, அந்தப் புள்ளைய உனுக்குப் புடிச்சிகீதா?"

முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன். தண்ணீரைப் பார்த்து "ம்" என்றேன். கழி மறுபடியும் இறங்கியது. அவ்வளவுதான் பேச்சு. கல்யாணம் முடிவாகிவிட்டது.

கார் போய்விட்டால் நானும் இவளும் எங்கே உட்கார்ந்து பேசுவோம்? போனில் எங்களுக்குப் பேச வராது. போன் என்பது முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வது. அவள் வேறு கார் வாங்குவாள், சரி. ஆனால் என் முதுகின் அச்சு பதிந்த இருக்கை அதில் இருக்காது.

"விக்கிறதா இருந்தாலும் கொஞ்சம் தொடைச்சி வெக்கறேன்" என்றேன் அவளிடம்.

"உன் இஷ்டம்" என்றாள்.

மனதுக்குள் நான் போட்ட கணக்கு வேறு. கார் பளபளவென்று ஆகிவிட்டால் அவளுக்கு விற்க மனசு வராமல் போகலாம். அது இங்கேயே நிற்கப்போவதில்லை, தெரியும். அவளோடு போகட்டும். நான் எப்போதாவது அங்கே போனால் ஏறி உட்கார என் இடம் இருக்கும்.

3

காரை நான் வாராவாரம் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை கழுவியும் ஏன் இப்படி மங்கியது என்று எனக்கே புரியவில்லை. மதிய இடைவேளையில், வீட்டிலேயே கார் பாலிஷ் போடுவது எப்படி என்று போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒருவர் சொன்னார்: கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கழுவிய காரின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும்.

செய்து பார்த்தேன். பானெட் முழுக்கப் பொடி மணல் ஒட்டியதுபோல் இருந்தது. கடல் காற்றும் பக்கத்துக் கப்பல் பட்டறைத் தூசியும் பெயின்டுக்குள் உட்கார்ந்திருந்தன.

பிறகு அவர் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். டார்ச் எதற்கு, இங்கே வெயிலே போதும். குனிந்து பார்த்தேன். வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் மெல்லிய கீறல். சூரியனைச் சுற்றி ஒரு வலையை வீசிவிட்டு இழுக்க மறந்ததுபோல் இருந்தது. முரட்டுத் துணியால் தேய்ப்பதால்தான் இது வருகிறது என்றார் வீடியோக்காரர்.

நான் முரட்டுத் துணியால் தேய்த்ததே இல்லை. என் கையில் இருந்தது வலைத்துண்டு.

ஊரில் கிழிந்த நைலான் வலையை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். உருட்டி ஒரு கைப்பிடி அளவு முடிச்சாகக் கட்டிவைப்போம். மீன் சட்டி தேய்க்க அதுதான், படகு கழுவ அதுதான், குளிக்கும்போது முதுகு தேய்க்கவும் அதுதான். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் என் பெட்டியில் வலை முடிச்சுகள் வரும். ஒருமுறை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. கையில் வாங்கி என் முழங்கையில் தேய்த்துக் காட்டினேன். அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

பாத்திரச் சோப்பு, வலை முடிச்சு, வட்ட வட்டமாக ஒரு அழுத்து. அதுதான் நான் காருக்குச் செய்துவந்த சேவை.

ஊரிலிருந்து தம்பி முருகன் வீடியோவில் வந்தபோது பானெட்டைக் காட்டினேன். அவன் படகு வைத்திருப்பவன். கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, காருக்கு நலங்கா வெக்கப்போற?"

"சும்மா இருடா. இந்த வலையாலதான் இப்படி ஆயிடுச்சாம்."

"நம்ம போட்டை அதாலதான் தேய்ச்சிகினு கீறோம். அதுக்கு இன்னா கேடு வந்துச்சி?"

"உன் போட்டுல மூஞ்சி தெரியுமாடா?"

"மூஞ்சி தெரிஞ்சா மீனு பயந்து ஓடிப்பூடும்க்கா" என்றான். பிறகு புகையை விட்டுவிட்டு, "புள்ள எப்பக்கா கெளம்புது?" என்று கேட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது. நான் காரின் பக்கம் போனைத் திருப்பிவிட்டேன்.

4

கார் சாமான் கடைக்கு மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். முதல் இரண்டு தடவை வாசல்வரை போய்ப் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரு சுவர் முழுக்க பாட்டில்கள். மஞ்சள், ஊதா, பச்சை. கீறல் போக்குவது, பளபளப்பு தருவது, மழைத்துளி ஒட்டாமல் செய்வது. எல்லா பாட்டிலிலும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி மினுமினுப்பு. திருவிழாக் கடையில் வளையல் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். எதைத் தொட்டாலும் யாராவது வந்து கேட்பார்களோ என்று பயம்.

வந்தே விட்டாள் ஒரு பெண். கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தாள், மூக்கில் வளையம். உதவி வேண்டுமா என்றாள். நான் போனில் எடுத்து வைத்திருந்த பானெட் படத்தைக் காட்டினேன். அவளும் என் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே பேசினாள். அதனால் எனக்குச் சுலபமாகிவிட்டது.

"இதுதான் முதல் தடவையா?"

"ஆமாம்."

அவள் என் கூடையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள். விலை அதிகம் என்பதால் நல்லதாக இருக்கும் என்று நான் எடுத்தது. அது ஆழமான கீறலுக்கு, பெயின்டையே அறுக்கும், முதல்முறை செய்கிறவர் கையில் வேண்டாம் என்றாள். அதற்குப் பதில் நைசான பாலிஷ் ஒன்று தந்தாள். இதிலேயே போய்விடும், போகாவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எடுத்த பெயின்டை யாரும் திருப்பி ஒட்ட முடியாது என்றாள்.

நீங்கள் யாராவது வீட்டில் செய்ய நினைத்தால் உதவும் என்பதால் மற்றதையும் சொல்கிறேன். காருக்கென்று விற்கும் ஷாம்பு. பாத்திரச் சோப்பு மெழுகையெல்லாம் எடுத்துவிடுமாம். இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றது கையுறையை அலசமட்டும். பூனை மயிர்போல் மெத்தென்ற கழுவும் கையுறை. பெயின்டுக்குள் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்க, பிசைகிற களிமண்போல் ஒரு கட்டி. ரப்பர் ஓரங்களில் ஒட்ட நாடா. பாலிஷுக்கு ஸ்பாஞ்சு வில்லைகள். கடைசியில் பூச ஒரு டப்பா மெழுகு. துணிகள் மட்டும் நிறைய வாங்கச் சொன்னாள். தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி தொடக்கூடாது, சக்கரத்துக்கு வைத்ததை மேலே கொண்டுபோகக்கூடாது.

அந்தக் கையுறையைக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். கை எங்கேயோ ஆழத்தில் இறங்கியதுபோல் இருந்தது. நிலா நாளில் ஏரியில் காலை விட்டால் பாசி வந்து கணுக்காலைத் தொடும், அதுபோல.

5

வேலை முடிந்து வந்ததும் தினமும் ஷெட் நிழலில் காரோடு உட்கார்ந்தேன். வெயிலில் செய்யக்கூடாது, தகடு சூடாக இருந்தால் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் கழுவல். பிறகு அந்தக் களிமண் கட்டி. தண்ணீர் தெளித்து மெல்ல ஓட்டினால், முதலில் கரகரவென்று பிடிக்கும். ஓட்ட ஓட்டச் சத்தம் குறைந்து, கடைசியில் கை வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கட்டியைத் திருப்பிப் பார்த்தால் செம்பழுப்பாக ஒரு படலம். இத்தனை வருடக் கடல் காற்று அது.

அவள் அப்பா குளித்துவிட்டு வந்து நின்று பார்த்தார்.

"விக்கப்போற காருக்கு இவ்ளோ சீரா? என் கிரைண்டரைத் தர்றேன், பஞ்சு வட்டு போட்டு ஒரு ஓட்டு ஓட்டு. பத்து நிமிசத்துல மின்னும்."

"பெயின்டு எரிஞ்சிடும்."

"யாரு சொன்னா?"

"கடைல ஒரு பொண்ணு சொல்லிச்சி."

நான் கடையில் ஒருவரோடு பேசினேன் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மறுநாள் பட்டறை நண்பரிடமிருந்து, மெதுவாக ஆடிச் சுழலும் சின்ன பாலிஷ் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து, வாளி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பானெட்டை நாடாவால் நான்காகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் பட்டாணி அளவு பாலிஷ், நாலைந்து புள்ளி. இயந்திரத்தை அழுத்தாமல், அதன் போக்கில் விட்டு, குறுக்கும் நெடுக்குமாக மெல்ல. துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். நாடாவுக்கு அந்தப் பக்கம் வலை. இந்தப் பக்கம், காற்று அடங்கிய நேரத்து ஏரி. அதற்குள் ஷெட்டின் கூரை, அதற்கும் ஆழத்தில் என் முகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீர்த்தி வந்தாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள், கையில் டேப்போடு வந்து நின்றாள். கார் பாதி முடிந்திருந்தது. பானெட்டும் கூரையும் மின்னின, கதவுகள் பழையபடி மங்கிக் கிடந்தன. வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு பாடு?" என்று கேட்டாள், நாடா ஒட்டிய கதவைக் காட்டி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஏரியில் எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை கட்ட முடியாது. முறை உண்டு. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. முருகன் போனில் சொல்லிச் சொல்லி இவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"உன் பாடுதான்" என்று ஒரு சுத்தமான துணியை நீட்டினேன்.

நான் இயந்திரத்தை ஓட்ட, அவள் துடைத்தாள். இரண்டு பேரும் கதவைப் பார்த்து நின்றோம். கொஞ்ச நேரத்தில், நான் நினைத்ததுபோலவே, அவள் பேச ஆரம்பித்தாள்.

"அங்க யாரையுமே தெரியாதும்மா."

"ம்."

"மொத ராத்திரி ட்யூட்டில யாராவது செத்துட்டா, காலைல நான் யார்கிட்ட சொல்றது?"

இந்தக் காரிடம் சொல் என்று வாய்வரை வந்தது, பைத்தியக்காரத்தனம் என்று விழுங்கிவிட்டேன். துணி கீழே விழுந்திருந்தது. அவள் குனிந்து எடுக்கப் போனாள்.

"அதை எடுக்காத. கீழ வுழுந்தது. மண்ணு ஒட்டியிருக்கும்."

"ஓ மை காட்" என்று சிரித்தாள். "நீயா வலை வெச்சி தேய்ச்சே இதை?"

இருட்டுவதற்குள் மெழுகும் பூசி முடித்தோம். மெழுகு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல, அவள் பூசினாள். விற்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

6

சனிக்கிழமை வந்தவர் ஒரு இளைஞர். கூடவே கர்ப்பமாக இருந்த மனைவி. நல்ல பிள்ளைகள். கார் வீட்டு வாசலில், காலை வெயிலில் நின்றது. நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது, அடுப்பை அணைக்கவில்லை.

அவர் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து கதவோரத்தைப் பார்த்தார். விசில் அடித்தார். படத்தில் இப்படித் தெரியவில்லையே, யார் செய்தது என்று கேட்டார்.

"என் அம்மா" என்று கீர்த்தி சொன்னது கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் மனசு மாற வேண்டும் என்று தேய்த்தேன். மாறியது இவர் மனசு. மங்கிய காராகவே விட்டிருந்தால் ஒருவேளை வேண்டாம் என்று போயிருப்பார். கேட்ட விலையை அப்படியே தருகிறேன் என்றார், பேரம்கூடப் பேசவில்லை. படிவம் பிரிட்ஜில் கையெழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன்.

வெளியே பேச்சு நின்றது. திரையோரமாகப் பார்த்தேன். கீர்த்தி பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் அதன்மேல் மெல்லப் போனது, பிளாஸ்டிக் பை இல்லாமலே தடவிப் பார்ப்பதுபோல.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் இங்கிலீஷில். "உங்களை வரவெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. நான் இதை விக்கல."

அவர் கோபப்படவில்லை. மனைவிதான் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். கீர்த்தி சமையலறைக்குள் வந்து, என்னைத் தாண்டிப் போய், அடுப்பை அணைத்தாள். படிவத்தைக் காந்தத்திலிருந்து எடுத்து மடித்தாள்.

"ரெண்டு நாள் டிரைவ்" என்றாள், படிவத்தைப் பார்த்தபடி. "தனியா போனா தூங்கிடுவேன். நீயும் வர்றியா? திரும்பி ப்ளேன்ல அனுப்பறேன்."

நான் தனியாக விமானம் ஏறியதில்லை. வேலையில் லீவு கேட்டும் பழக்கமில்லை. கேட்கவேண்டிய ஆளின் முகம் உடனே கண்முன் வந்தது. நான் சொன்னது வேறு.

"வழியெல்லாம் பூச்சி அடிக்குமே. மெழுகு போட்டது வீணாப்போயிடும்."

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். தொடைக்க."

கைகழுவிவிட்டு வெளியே போனேன். இரண்டு வாளியையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு டிக்கியில் வைத்தேன். கையுறை, துணிகள், மீதி மெழுகு. வலை முடிச்சு சிங்க் ஓரத்திலேயே இருக்கட்டும், அதற்கு மீன் சட்டி இருக்கிறது.

கீர்த்தி சாவியோடு வந்தாள்.

"இப்பவேவா?" என்றேன்.

"இல்லம்மா. சும்மா ஒரு ரவுண்டு."

இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இருக்கை என்னை அறிந்திருந்தது. கடலோரச் சாலையில் ஏறினோம். முன்னால் பானெட்டில் வானம் முழுசாக விழுந்திருந்தது, ஒரு கீறல் இல்லாமல். மேகங்கள் எங்களை நோக்கி வந்து, கண்ணாடியில் ஏறி, மேலே போய்க்கொண்டிருந்தன. அவசரமில்லை. பேசுவதற்கு இரண்டு நாள் சாலை இருந்தது.